மஞ்சள் வண்டிக்கு ஓர் ஏர் ஃபில்டர்

பிப்ரவரி 24, செவ்வாய்

காலையில் ஒரு மேல் பல் செட் முடிந்தது. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவருக்கு. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி வேண்டும் என்று கேட்டிருந்தார்; இளவயதில் இருந்ததாம், அது இல்லாமல் விசில் வராதாம். பல் மருத்துவரின் அறையில் மாட்டிப் பார்த்ததும் விசிலடித்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்தாராம். முப்பது வருஷமாகப் பல் செட் செய்கிறேன், இப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை.

சாயங்காலம் டீச்சர், அதாவது என் மனைவி, தன் மஞ்சள் வண்டியைக் கழுவினாள். துடைக்கிற துணி டேஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது, எடுத்து வாருங்கள் என்றாள். துணிக்கு அடியில் ஓர் உறை. உள்ளே வட்டமான வெள்ளை ஸ்டிக்கர், கறுப்பில் பெரிதாக 27. பின்பக்கத் தாளைக்கூட உரிக்கவில்லை. உறைமேல் தேதி: போன வருஷம் மார்ச் 23.

அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில் நான்காம் நாள். இரண்டு நுரையீரலிலும் சளி கட்டி, மூக்கில் குழாயோடு கிடந்தேன். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள். பதினோரு நாள் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. அன்றுதான் அவளுடைய கார் ஓட்டம் என்பது எனக்கு நினைவே இல்லை. அவளும் சொல்லவில்லை. இந்த ஒரு வருஷத்தில் ஒரு சண்டையில்கூட அதை எடுத்து என்மேல் வீசவில்லை. சண்டை என்று வந்தால் அவள் எதையெல்லாம் எடுத்து வீசுவாள் என்று எனக்குத் தெரியும்.

உறையை இருந்த மாதிரியே வைத்துவிட்டுத் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "துணி எடுக்க இவ்வளவு நேரமா?" என்றாள்.

பிப்ரவரி 25, புதன்

அவளைப் பற்றி எழுதும்போதெல்லாம் டீச்சர் என்றே வருகிறது. கல்யாணத்துக்கு முன் அவளிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். மூன்று தடவை தேர்வில் தோற்றேன். நான்காவது விண்ணப்பத்தை நீட்டியபோது, "உங்களுக்கு லைசென்ஸ் வேணுமா, நான் வேணுமா? ஏதாவது ஒண்ணுதான் கிடைக்கும் போலிருக்கு" என்றாள். இன்றுவரை என்னிடம் லைசென்ஸ் இல்லை.

இருபத்தாறு வருஷமாக அவள், கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அங்கே வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடி, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊரைச் சுற்றுகிறாள். எதிரே வரும் லாரியைப் பார்த்து ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறவர்களிடம் "பரவாயில்ல, நல்லா வர்றீங்க" என்று சொல்லவேண்டும். அப்படிப்பட்டவள் ஐம்பதாவது வயதில் இரண்டே இருக்கை உள்ள, தரையோடு தரையாகப் போகிற, பழைய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள். நான் என்ன சொல்ல முடியும்? வெளியூரில் வேலை பார்க்கும் மகள் மட்டும் போனில் சொன்னாள்: "எனக்கு ஒரு தங்கச்சி பொறந்திருக்கான்னு கேள்விப்பட்டேன்."

வருஷத்துக்கு ஒரு நாள், ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில், இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் கூடுகிறார்கள். ஆரஞ்சு கூம்புகளை வரிசையாக வைத்து, அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டி, நேரம் குறிக்கிறார்கள். பரிசெல்லாம் கிடையாது. இந்த வருஷம் மார்ச் 22.

பிப்ரவரி 27, வெள்ளி

சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னாள். "வண்டி மேடு ஏற மாட்டேங்குது. ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும். பார்க்கணும், எங்க நேரம்?"

அவளுக்கு இன்று ஒன்பது மாணவர்கள். எனக்கு நேரம் இருக்கிறது.

பிப்ரவரி 28, சனி

அவள் வகுப்புக்குப் போனதும் பானட்டைத் திறந்தேன். எனக்கும் பானட்டுக்கும் இதுவரை பேச்சுவார்த்தை கிடையாது. எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்டும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, ஐந்து கிளிப். பல் செட்டின் கம்பிகளை வளைத்துப் பழகிய கை, ஐந்தும் கேட்டபடி வந்தன. உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது சாம்பல் நிறம். ஒரு மடிப்பில் காய்ந்த இலை, இன்னொன்றில் ஒரு விட்டில் பூச்சி, முழுசாக, சிறகு விரித்து.

போன வருஷம் டாக்டர் என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து "இங்க பாருங்க" என்று காட்டியது ஞாபகம் வந்தது. அன்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்று புரிந்தது.

மூடி, ஐந்து கிளிப்பையும் போட்டேன். முடிவு செய்துவிட்டேன். இதை நான்தான் வாங்கப் போகிறேன். அவளுக்குத் தெரியாமல், நல்லதாகப் பார்த்து. இந்த வருஷம் வண்டி நன்றாக மூச்சுவிட்டு ஓட வேண்டும்.

மார்ச் 2, திங்கள்

உதிரி பாகக் கடைக்காரர் கையில் சிக்கினேன். ஒரு ஃபில்டர் கேட்டால் மூன்றை எடுத்து வைக்கிறார்.

ஒன்று, வண்டியோடு வந்த அதே மாதிரி காகிதம். இரண்டு, பஞ்சுத்துணியும் கம்பிவலையும் சேர்த்து மடித்தது. லேசாக எண்ணெய் போட்டு வைக்க வேண்டும், அந்த எண்ணெயில்தான் தூசி ஒட்டுமாம். அழுக்கானால் கழுவி, காயவைத்து, மறுபடி எண்ணெய் போட்டு மாட்டலாம். மூன்று, கூம்பு. பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டு இதை வெறுமனே மாட்டுவதாம்.

"கூம்பை எடுத்துக்குங்க சார். சத்தம் வரும் பாருங்க..." என்று ஆரம்பித்து, கன்னத்தை உப்பிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கடை முழுக்க எழுப்பிக் காட்டினார். பக்கத்தில் பல்பு வாங்க வந்தவர் தன்னையறியாமல் ஒதுங்கி நின்றார்.

"வேகம் கூடுமா?" என்று கேட்டேன்.

"வேகம்... கூடற மாதிரி இருக்கும்."

நேர்மையான மனிதர். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

மகளிடம் மட்டும் சொன்னேன். "அப்பா, கூம்பு வேணாம். தங்கச்சி ஏற்கனவே வாயாடி" என்றாள்.

மார்ச் 5, வியாழன்

மெக்கானிக்கைப் பார்க்கப் போனேன். எல்லோரும் அவரைப் பொறுமை என்றுதான் கூப்பிடுகிறார்கள். யார் எந்த அவசரத்தில் வந்து நின்றாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதுதான். வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"கூம்பு வேணாம். எஞ்சின் பக்கத்துச் சூட்டுக் காத்தைத்தான் இழுக்கும், சத்தம்தான் மிச்சம். பஞ்சு நல்லதுதான், ஆனா அதைக் கையாளத் தெரியணும். பேப்பரே போடுங்க. வருஷத்துக்கு ஒண்ணு மாத்திட்டு நிம்மதியா இருங்க."

கையாளத் தெரியணுமாம். யாரிடம் சொல்கிறார்? அரிசிமணியில் பாதி அளவு உறுத்தினாலும் வாய்க்காரர் சண்டைக்கு வரும் தொழிலில் முப்பது வருஷம் இருக்கிறேன்.

மார்ச் 7, சனி

பஞ்சுதான். வாங்கிவிட்டேன். கூடவே ஒரு சின்ன பாட்டில் எண்ணெயும்.

காரணத்தை எழுதி வைக்கிறேன். காகிதத்தை அழுக்கானதும் எறிந்துவிட வேண்டும். இது கழுவி, காயவைத்து, திரும்ப அதே இடத்தில் வைக்கிற பொருள். நான் செய்து கொடுக்கும் பல் செட்டும் அப்படித்தான். சரியாகப் பார்த்துக்கொண்டால் கடைசிவரை வரும். அவளுக்கு அப்படி ஒன்றைத்தான் கொடுக்கத் தோன்றுகிறது. பொறுமை சொன்னது காதில் இருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

கொடுத்தேன். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். "உங்களுக்கு எப்படிங்க இது? சக்கரம் எத்தனைன்னு கேட்டா எண்ணிப் பார்த்துச் சொல்ற ஆளாச்சே!" ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மோந்துகூடப் பார்த்தாள்.

அப்போது நான் சொன்னேன், "போன வருஷம் என்னால போச்சு. இந்த வருஷமாவது நல்லா ஓட்டு."

அவள் முகம் மாறியது. "வெள்ளிக்கிழமை மாட்டிடலாம்" என்று சொல்லி, அதை அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவ்வளவு பாத்திரம் இல்லை.

சொல்லியிருக்கக் கூடாதோ?

மார்ச் 11, புதன்

அலமாரியிலிருந்து ஃபில்டரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். எண்ணெய் சிவப்பு நிறம். ஆனால் ஓரத்து மடிப்புகள் கொஞ்சம் வெளிறித் தெரிந்தன. என் மேஜைக்கு வந்த எந்தப் பொருளையும் அப்படியே நம்பி ஒருவர் வாய்க்குள் அனுப்பியதில்லை. இதை மட்டும் விடுவேனா? கூட வந்த தாளில் எறும்பு மாதிரி எழுத்து. படம் மட்டும் தெளிவாக இருந்தது: மடிப்புமேல் ஒரு கை சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுகிறது.

நானும் விட்டேன். மெழுகுவேலைக்கு வைத்திருக்கும் மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு மடிப்பின் அடிவரை தடவினேன். நாற்பத்தெட்டு மடிப்பு, முன்னும் பின்னும். ஒரே சீராக ரத்தினம் மாதிரி ஆகிவிட்டது. பாட்டிலைத் துடைத்து, மூடி, பழைய இடத்திலேயே வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. செய்ததைச் சொல்லிக் காட்டுகிற ஆள் இல்லையே நான்.

மார்ச் 13, வெள்ளி

மாட்டினாள். நான் டார்ச் பிடித்தேன். ஐந்து கிளிப்பில் இரண்டை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

பழைய ஃபில்டரைத் தூக்கிப்போடப் போனாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். விட்டில் பூச்சியோடு.

மார்ச் 14, சனி

மனசு சரியில்லை.

காலையில் அவள் மட்டும் ஓட்டிப் பார்க்கப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து, தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்தது. வண்டி திக்கித் திக்கி வருகிறது. வாசலில் நின்றதும் எஞ்சின் ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது, அணைந்தேவிட்டது. டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு.

"பெட்ரோல் சரியில்லையோ என்னவோ" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெட்ரோலா? நேற்றுவரை அதே பெட்ரோல்தானே? நேற்று மாறியது ஒன்றே ஒன்று. அதை வாங்கியவன் நான், பொறுமை வேண்டாமென்று சொல்லியும். அதுக்குமேல எண்ணெய் தடவினவனும் நான்தான். ஐயோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்! இன்னும் எட்டு நாள்தான் இருக்கு.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லிவிட வேண்டும். காபி குடிக்கும்போது சொல்லலாம் என்றிருந்தேன். அவள் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

மார்ச் 16, திங்கள்

இன்றும் சொல்லவில்லை. இன்று செய்த கீழ் செட்டில் ஒரு பல்லைத் திருப்பி வைத்துவிட்டேன். வெளியே அனுப்புவதற்குள் பார்த்துவிட்டேன், நல்லவேளை.

அவளும் பேசவே இல்லை. வழக்கமாக மாணவர்களைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். இன்று ஒருவர் வண்டியைப் பூக்கடைக்குள் விட்டிருக்கிறார். அதைக்கூட ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டாள். என்மேல் கோபம்தான், வேறென்ன? இரண்டு வருஷம் தொடர்ச்சியாக ஒருத்தியின் ஒரே நாளைக் கெடுப்பவன் நான்.

மார்ச் 17, செவ்வாய்

அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பொறுமைக்குப் போன் செய்தேன். எண்ணெய் தடவியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். "அவகிட்ட மட்டும் இப்போதைக்குச் சொல்லிடாதீங்க" என்றேன்.

அந்தப் பக்கம் என்னமோ சத்தம். இருமுகிறாரா, என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. பிறகு, "பொறுமை. நாளைக்கு அஞ்சு மணிக்கு வாங்க" என்றார்.

மார்ச் 18, புதன்

எல்லாவற்றையும் மறக்காமல் எழுதிவிட வேண்டும்.

ஐந்து மணிக்குப் போனால் பட்டறையில் மஞ்சள் வண்டி. பக்கத்தில் டீச்சர். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். "நீங்க எங்க இங்க?" என்றாள். "சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன். அந்தப் பக்கத்தில் பட்டறையைத் தவிர ஒரு சுவர்தான் இருக்கிறது.

பொறுமை கிளிப்புகளைத் தட்டி, ஃபில்டரை எடுத்து, ஓர் அலுமினியத் தட்டுக்கு மேலே பிடித்தார். சொட்டியது. ஒரு சொட்டு, இன்னொன்று, பிறகு நூலாக.

"இதுல எண்ணெய் போட்டது யாரு?"

"நான்தான்" என்றேன்.

"நான்தான்" என்றாள் அவள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பொறுமை தட்டைக் கீழே வைத்துவிட்டு, இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தார். "நேத்து காலையில இவங்க போன். மத்தியானம் நீங்க. ரெண்டு பேரும் ஒரே பாட்டு. அவர்கிட்ட சொல்லிடாதீங்க, அவகிட்ட சொல்லிடாதீங்க. உங்க குடும்பத்து ரகசியத்தை எல்லாம் நான் எங்க வச்சுக் காப்பாத்தறது? அதான் ஒண்ணா வரச் சொன்னேன்."

நடந்தது இதுதான். போன வாரம் புதன் மத்தியானம் நான் போட்டேன். வியாழன் காலை அவள் போட்டிருக்கிறாள். இருபத்தாறு வருஷப் பழக்கம்: முன்னால் யார் சரிபார்த்திருந்தாலும், தான் ஒரு தடவை கண்ணாடி, இருக்கை, பிரேக் எல்லாவற்றையும் பார்க்காமல் வண்டியை எடுக்கவிட மாட்டாள். எண்ணெய் பாட்டில் துடைத்து வைத்த மாதிரி இருந்ததைப் பார்த்து, நான் திறக்கவே இல்லை என்று நினைத்திருக்கிறாள். "எண்ணெய் போட்டுட்டுத்தான் மாட்டணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க. அவ்வளவு ஆசையா வாங்கிட்டு வந்தீங்களே... அதான் நானே போட்டுட்டேன்."

பொறுமை ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டார். அவள் வண்டியிலேயே வைத்திருந்தாள். அதன் பக்கவாட்டில் கறுப்பில் கொட்டை எழுத்து. நான் ஏன் பார்க்கவில்லை? "எண்ணெய் போட்டே அனுப்பப்படுகிறது, அப்படியே மாட்டவும்."

ஆக, மூன்று தடவை.

உள்ளே போகும் காற்றின் அளவை அறிந்து எஞ்சினுக்குச் சொல்கிற சென்சார் ஒன்று ஃபில்டருக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி. நாங்கள் ஊற்றிய எண்ணெய் அதன்மேல் படிந்து, அது தப்புத்தப்பாகச் சொல்ல ஆரம்பித்திருக்கிறது. பொறுமை அதைக் கழற்றி ஏதோ ஸ்ப்ரே அடித்தார். கையால் தொடவில்லை. "இருபது நிமிஷம் காயணும். அங்க உக்காருங்க ரெண்டு பேரும்."

பழைய டயர்களின் மேல் உட்கார்ந்தோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"வண்டிக்காக நான் பேசாம இருக்கலைங்க. அன்னிக்கு ஃபில்டரைக் கொடுத்துட்டு 'என்னால போச்சு'ன்னீங்களே. அதுலேர்ந்து என்னால உங்க முகத்தைப் பார்க்க முடியல."

ஏன் என்று கேட்டேன்.

"போன வருஷம் அன்னிக்கு பத்தரை மணிக்கு என் முறை. உங்களுக்கு மூச்சு வாங்குது. நர்ஸ் மெஷினையே பார்த்துட்டு நிக்கறாங்க. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இப்ப இருபத்தேழைக் கூப்பிடுவாங்கன்னு தோணுச்சு. நீங்க அந்த நிலைமையில கிடக்கறப்ப எனக்கு எப்படிங்க அது தோணும்? தோணினதோட நிக்கல. கண்ணை மூடிக்கிட்டு முழுசா ஓட்டினேன். ஒரு கூம்பு விடாம. முடிச்சுட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். நீங்க அப்படியே கிடந்தீங்க. உங்களை விட்டுட்டு எங்கேயோ போய்ட்டு வந்த மாதிரி..."

அழுதுவிட்டாள். ஒரு வருஷம் இதை உள்ளே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் ஒரு மண்ணும் தெரியாமல் அவள் எதிரே உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறேன்.

என் வாயில் வந்தது இதுதான்: "எவ்வளவு நேரத்துல முடிச்சே?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஒண்ணேமுக்கால் நிமிஷம் இருக்கும்" என்றாள்.

"கூம்பு எதையாவது தட்டினியா?"

கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு. கடைசி வளைவுல."

அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கண்ணீரும் வந்தது. ஒண்ணேமுக்கால் நிமிஷம் போய்விட்டுத் திரும்பி அந்த நாற்காலிக்குத்தானே வந்தாய் என்றேன். பதினோரு நாளில் நீ எனக்குத் தெரிந்து எடுத்துக்கொண்ட லீவு அவ்வளவுதான் என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கையிலும் எண்ணெய்.

பொறுமை அந்தப் பக்கம் ஒரு ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

மார்ச் 19, வியாழன்

சென்சார் பிழைத்துக்கொண்டது. ஆனால் எதை மாட்டுவது? காகித ஃபில்டர் கடையில் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம்தான் வருமாம். கூம்பு இருக்கிறது என்று கடைக்காரர் மறுபடி கன்னத்தை உப்பினார். பழையதில் விட்டில் பூச்சி. மிச்சம் இருப்பது பஞ்சுதான்.

கழுவினோம். அவள் தண்ணீர் விட, நான் பிடித்துக்கொள்ள. உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக. சிவப்பு போய் வெளுக்க நான்கு வாளி ஆனது. சூட்டில் காட்டினால் சுருங்கிவிடும், தானாகக் காயவேண்டும் என்று பொறுமை சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை அவர் சொன்னதை நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

என் வேலையறையில் ஜன்னல் ஓரமாக, காய்கிற பல் அச்சுகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

காயவில்லை. அவள் மூன்று தடவை வந்து தொட்டுப் பார்த்தாள். "எதையும் தொட்டுப் பார்த்தா சீக்கிரம் காயாது" என்றேன். "இதைச் சொல்றவர் நீங்க இன்னிக்கு எத்தனை தடவை தொட்டீங்க?" என்றாள். ஐந்து.

மார்ச் 21, சனி

காய்ந்துவிட்டது.

எண்ணெய் ஒரே ஒரு தடவை. அவள் பாட்டிலைப் பிடித்தாள், மடிப்புக்கு ஒரு கோடு. நான் உரக்க எண்ணினேன். நாற்பத்தெட்டு. ஓரத்தில் ஒன்று வெளிறித் தெரிந்தது. என் கை தானாகப் பிரஷ்ஷைத் தேடியது. "வேணாம்" என்றாள். மிச்ச எண்ணெயைப் பாட்டிலோடு பொறுமையிடம் கொடுத்துவிட்டு வந்தோம். எங்களை நம்பி வீட்டில் வைத்திருக்க முடியாது.

மாட்டிக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். விளக்கு எரியவில்லை. மேடு ஏறினாளாம். "பாலைக் குடிச்ச மாதிரி இழுக்குதுங்க" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மார்ச் 22, ஞாயிறு

காலை ஏழுக்கே கிளம்பினோம். நான் பின்னாலேயே பஸ்ஸில் வருகிறேன் என்றேன், வழக்கம்போல. தரையோடு போகிற அந்த இருக்கையில் உட்கார்ந்தால் என் கால் இல்லாத பிரேக்கைத் தேடி மிதிக்கிறது. கதவு வலிக்கிறது என்று அவள் புகார் சொல்கிற அளவுக்குக் கைப்பிடியைப் பிடிப்பேன். அவள் வற்புறுத்தியதில்லை.

ஓடுதளம் பெரிய இடம். காற்று, வெயில், பெட்ரோல் வாசனை. முப்பது முப்பத்தைந்து வண்டிகள். இந்த வருஷம் அவளுக்கு எண் 41. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றாள். கொடி இறங்கியது.

என் மனைவி வண்டி ஓட்டி நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். இவளைப் பார்த்ததில்லை. முப்பதில் ஊர்கிறவள் இல்லை இவள். கூம்புக்குக் கூம்பு மஞ்சள் வண்டி இடுப்பை வளைத்து வளைத்துப் போகிறது, ஒரு திக்கல் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. நான் கத்தினேன் போலிருக்கிறது. பக்கத்தில் நின்றவர், "உங்க ஆளா?" என்றார். ஆமாம், என்னைத் தேறவிடாத டீச்சர் என்றேன்.

ஒரு நிமிஷம் நாற்பத்தேழு நொடி என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கூம்பு ஒன்றும் விழவில்லை.

மத்தியானம் இரண்டாவது சுற்று. இதில் கூட ஒருவரை ஏற்றிக்கொள்ளலாமாம். அவள் வண்டிப் பக்கம் என்னமோ செய்துகொண்டிருந்தாள். போய்ப் பார்த்தேன். டேஷ்போர்டு பெட்டியிலிருந்து அந்த உறையை எடுத்து, பின்பக்கத் தாளை நகத்தால் உரித்து, கதவிலிருந்த 41-இன் மேலேயே 27-ஐ ஒட்டிக்கொண்டிருந்தாள். ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"கேட்டுட்டேன். ஒட்டிக்கச் சொல்லிட்டாங்க" என்றாள்.

உரித்த தாளை என் கையில் கொடுத்தாள்.

"இது போன வருஷத்து ஓட்டங்க. அன்னிக்கு நீங்க இல்லாம ஓட்டிட்டேன். இன்னிக்கு நீங்க பக்கத்துல இருக்கணும்."

ஏறினேன். அவளே குனிந்து பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டாள், கண்ணாடியைப் பார்த்தாள், என் இருக்கையை ஆட்டிப் பார்த்தாள். கொடி இறங்கியது. என் கால் ஒரு தடவைகூடப் பிரேக்கைத் தேடவில்லை என்று எழுத ஆசைதான். நான்கு தடவை மிதித்தேன். கடைசி வளைவில் மட்டும் மிதிக்கவில்லை. அங்கே நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நிமிஷம் ஐம்பத்தைந்து நொடி. என் எடைக்கு நான்கு நொடி என்று வைத்துக்கொள்ளலாம். மீதி நான்கு, எனக்காக அவள் விட்டுக்கொடுத்தது.

திரும்பி வரும்போதும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன்.

மார்ச் 23, திங்கள்

மகளுக்கு 1:47 சீட்டைப் படம் எடுத்து அனுப்பினோம். பிறகு அது ஃப்ரிட்ஜ் கதவில் ஏறிவிட்டது. "தங்கச்சி பாஸ்!" என்று பதில். "அப்பா?" என்று அடுத்தது. அப்பாவும் போனார் என்று டீச்சர் எழுதினாள். ஐந்து நிமிஷத்துக்குப் பதிலே இல்லை. பிறகு போனே வந்துவிட்டது.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் கண் டாக்டரிடம் போகவேண்டியிருந்தது. மஞ்சள் வண்டியில்தான். இப்போதெல்லாம் நான் பஸ்ஸைத் தேடுவதில்லை. அவள் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஐந்து கிளிப்பும் சரியாக இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் மூடியில் நான் ஒட்டிய சீட்டு: இருவரும் இல்லாமல் திறக்கக் கூடாது. நான் பக்கத்தில் நின்றதால் தட்டிப் பார்க்கலாம்.

கண்ணாடிச் சீட்டு தன் கைப்பையில் இருக்கிறது, எடுத்து வாருங்கள் என்றாள். தேடினேன். அவளுடைய லைசென்ஸ் உறைக்குள் இருக்குமோ என்று திறந்தேன். லைசென்ஸுக்குப் பின்னால், எட்டாக மடித்து, ஒரு சின்னத் தாள். பிரித்தேன். எண் 27. ஒரு நிமிஷம் ஐம்பத்தைந்து. மடிப்பெல்லாம் அதற்குள் தேய்ந்திருந்தது. அடிக்கடி பிரித்துப் பார்க்கிறாள்.

அதே மடிப்பில் மடித்து, அதே இடத்தில் வைத்து, கண்ணாடிச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஒரு சீட்டை எடுக்க இவ்வளவு நேரமா?" என்றாள்.